வைரத்தைத் தின்னும் பூஞ்சை

2019-ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என்., தன் சிவப்புப் பட்டியலில் ஒரு மரப்பூஞ்சையை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. அதன் பெயர் அகாரிகான். ஃபோமிடோப்சிஸ் அஃபிசினாலிஸ் என்பது அறிவியல் பெயர். லாரிசிஃபோம்ஸ் அஃபிசினாலிஸ் என்று எழுதுவோரும் உண்டு. ஆல்ப்ஸ் மலைகளிலும் சைபீரியாவிலும் முதிய லார்ச் மரங்களில் அது வாழ்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் டக்ளஸ் ஃபிர் போன்ற பெருமரங்களில் வாழ்கிறது. புலிக்கும் வரையாட்டுக்கும் இடம் தந்த பட்டியலில் மரத்தை உளுக்கவைக்கும் ஓர் உயிர் ஏறியது பலருக்கும் புதிராகவே இருக்கும். காட்டைக் காக்க வேண்டும் என்று சொல்பவர்களே மரத்தை அழுகவைப்பதையும் காக்கச் சொல்கிறார்களே என்று தோன்றும். இப்படிப்பட்ட பூஞ்சைகளை ஏன் காக்க வேண்டும், உலகில் இதுவரை யார் என்ன செய்து பார்த்தார்கள், அவற்றில் எது பலித்தது என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

நமக்கு மரப்பூஞ்சை என்றாலே நோய்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத் தென்னந்தோப்புகளில் பரவிய வாடல் நோய், 'தஞ்சாவூர் வாடல்' என்ற பெயரிலேயே வேளாண் நூல்களில் இடம்பெற்றது. கனோடெர்மா என்ற பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அரித்துவிடும். தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும், மட்டைகள் தொங்கும், கடைசியில் மரத்தின் அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைக்கும். தோப்பு வைத்திருப்பவர் கண்ணில் அந்தக் காளான் பட்டால் மரம் போய்விட்டது என்று பொருள். அந்த அனுபவத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மரத்தைச் சிதைக்கும் ஆயிரக்கணக்கான பூஞ்சை இனங்களில் பயிரையும் தோப்பையும் தாக்குபவை மிகச் சில. மற்றவை பட்டுப்போன மரத்திலும் விழுந்த அடிமரத்திலும், உயிர் மரத்தின் உயிரற்ற உட்பகுதியிலும் வாழ்பவை. அவை இல்லையென்றால் காட்டில் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். அதற்குள் பூட்டிய சத்து மண்ணுக்குத் திரும்பாது.

மரக்கட்டையின் பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றும்தான். லிக்னின் மற்ற இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கடினமான பொருள். அதை முழுமையாக உடைக்கும் ஆற்றல் உயிருலகில் வெகு சிலவற்றுக்கே உண்டு. அவற்றில் தலையாயவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். அவை தின்ற கட்டை வெளுத்து நார்நாராகப் பிரியும். பழுப்பு அழுகல் பூஞ்சைகளின் வேலை வேறுமாதிரி. அவை செல்லுலோஸை உறிஞ்சிக்கொண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கட்டை பழுப்பேறி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும். அந்தப் பழுப்பு மிச்சம் ஊசியிலைக் காட்டு மண்ணில் நெடுங்காலம் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அகாரிகான் இந்த இரண்டாம் வகை. அது தின்பது மரத்தின் வைரத்தை.

வைரம் பாய்ந்த கட்டையைத் தேடித் தேடி வாங்குகிற நமக்கு இதைக் கேட்டால் பதறும். மரத்தின் கண்கொண்டு பார்த்தால் அவ்வளவு பதற ஒன்றுமில்லை. வைரத்தில் உயிருள்ள திசுக்கள் இல்லை. வேரிலிருந்து நீர் ஏறுவதும் புதுக்கட்டை வளர்வதும் வெளிவட்டத்தில்தான். உள்ளே கூடு விழுந்த மரம் பல பத்தாண்டுகள் தழைத்து நிற்பது நம் ஊர்ப் புளியமரங்களிலும் கண்கூடு. புயலில் அது சற்று முன்னதாக முறியலாம், உண்மைதான். அதற்குள் அந்தப் பொந்து எத்தனையோ உயிர்களுக்கு வீடாகியிருக்கும்.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள நீளிலை பைன் காடுகளில் இருக்கிறது. அங்குள்ள ரெட்-காக்கேடட் மரங்கொத்தி, மற்ற மரங்கொத்திகளைப் போலப் பட்டமரத்தைக் குடையாமல் உயிருள்ள பைன் மரத்தையே குடைந்து கூடு அமைக்கும். ஒரு பொந்தை முடிக்கவே அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வைரத்தைப் பூஞ்சை முன்பே இளக்கியிருந்தால் வேலை எளிதாகும். ஆகவே அப்படிப்பட்ட முதிய மரங்களையே அது நாடுகிறது. ஆய்வாளர் மிஷெல் ஜுசினோவும் உடன் பணியாற்றியோரும் மரங்களில் துளையிட்டு, சிலவற்றைப் பறவை அணுகாதபடி வலையிட்டு மூடி ஒப்பிட்டார்கள். பறவை வந்துபோன துளைகளில் குடியேறிய பூஞ்சைகள், அது தானே தோண்டிய பொந்துகளில் இருந்தவற்றை ஒத்திருந்தன. பறவை பூஞ்சையைச் சுமந்து வருகிறது, பூஞ்சை பறவைக்குக் கட்டையை இளக்கிக் கொடுக்கிறது. 1970-இலேயே ஆபத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்ட அந்தப் பறவையைக் காக்க அமெரிக்கா பெரும் பாடுபட்டிருக்கிறது. அது நம்பியிருக்கும் பூஞ்சைக்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை.

அகாரிகானுக்கு வருவோம். முதிய மரத்தின் தண்டில், பல வேளைகளில் ஆள் எட்டாத உயரத்தில், வெளிறிய தூண்போல அது தொங்கும். ஆண்டுதோறும் ஓர் அடுக்கு கூடிக்கொண்டே போகும். பல பத்தாண்டுகள் வளர்ந்த காளான் அரை மீட்டருக்கும் மேல் நீளும். உள்ளே சுண்ணாம்புக் கட்டிபோல வெண்மை. நாவில் வைத்தால் கடும் கசப்பு. அந்தக் கசப்பே அதற்குப் புகழும் கேடும் தேடித்தந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் தன் மருந்துப் பொருள் நூலில் அகாரிகானைப் பல நோய்களுக்கு மருந்தாகச் சொன்னார். அதன்பின் ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அது நிலையான சரக்கு. காசநோயாளிகளுக்கு இரவில் வியர்த்துக் கொட்டுவதை நிறுத்த, அதிலிருந்து பிரித்த அகாரிசின் என்ற பொருளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் கொடுத்தார்கள். அமெரிக்க மரவெட்டிகள் அதைக் 'குயினைன் காளான்' என்றார்கள். கசப்பு ஒன்றுதான் பொருத்தம். குயினைன் அதில் இல்லை. மலேரியாவுக்கு அது உதவவும் இல்லை.

பசிபிக் கரையோரப் பழங்குடிகளிடம் அதற்கு வேறொரு மதிப்பு இருந்தது. ஹைடா, டிலிங்கிட், சிம்ஷியான் மக்களின் மருத்துவப் பூசாரிகள் இறந்தபோது, அவர்களின் கல்லறையைக் காக்க முகம் செதுக்கிய உருவங்களை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போன அந்த உருவங்கள் மரச் சிற்பங்கள் என்றே பட்டியலிடப்பட்டிருந்தன. ராபர்ட் பிளான்செட்டும் மூன்று ஆய்வாளர்களும் அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவை செதுக்கப்பட்ட அகாரிகான் காளான்கள் என்று 1992-இல் வெளியிட்டார்கள். ஹைடா மக்களின் கதை ஒன்றில் அண்டங்காக்கையின் தோணியை ஓட்டிச் செல்பவனே பூஞ்சை மனிதன்தான். ஹைடா சிற்பி சார்லஸ் எடன்ஷா அந்தக் காட்சியை ஆர்ஜிலைட் என்ற கருநிறக் கல் தட்டில் செதுக்கியிருக்கிறார். பூஞ்சையை அருவருக்காமல் அதனிடம் ஆற்றலைக் கண்ட மக்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காப்பாற்றத் தகுந்தது எது என்ற முடிவில் இந்த மனநிலைக்கும் பங்கு உண்டு.

மருந்துக்காகப் பறித்தது ஒரு பக்கம் என்றால், காடு போனது மறுபக்கம். இரண்டில் பெரிய அடி எது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பறிக்கப்பட்ட காளான் மீண்டும் முளைக்கலாம். பூஞ்சையின் உடல் என்பது மரத்துக்குள் ஓடும் இழைவலை. வெளியே தெரியும் காளான் வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. அதை அடிக்கடி பறித்தால் வித்து குறையும், பரவல் தடைபடும். ஆனாலும் மரம் நிற்கும்வரை உள்ளே பூஞ்சை இருக்கும். மரமே போய்விட்டால் எதுவும் மிஞ்சாது. பசிபிக் வடமேற்கின் தனியார் மரத்தோட்டங்களில் டக்ளஸ் ஃபிர் மரத்தை 40, 50 வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். நூறு, இருநூறு வயது மரத்தின் தடித்த வைரத்தில் குடியேறி, அதன்பின் பல பத்தாண்டு கழித்துக் காளான் விடும் உயிருக்கு அந்தத் தோட்டத்தில் இடமே இல்லை. பச்சைப் பசேலென்று மரங்கள் நிறைந்திருந்தும் அது அகாரிகானுக்குப் பாலைவனம்.

2013-இல் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகாரிகானிலிருந்து குளோரின் ஏறிய குமாரின் சேர்மங்களைப் பிரித்தெடுத்து, அவை சோதனைக்கூடத்தில் காசநோய்க் கிருமியைத் தடுப்பதைக் காட்டினார்கள். பழைய மருத்துவர்கள் காசநோயாளியின் வியர்வைக்குக் கொடுத்த அதே காளான்தான். அது இன்னும் மருந்தாகிவிடவில்லை. சோதனைக் குழாய்க்கும் நோயாளிக்கும் இடையே தூரம் அதிகம். அமெரிக்கக் காளான் ஆய்வாளர் பால் ஸ்டாமெட்ஸ் பல ஆண்டுகளாக முதுகாடுகளில் அலைந்து அகாரிகானின் வெவ்வேறு வகைகளைச் சேகரித்து வளர்ப்பூடகத்தில் காத்து வருகிறார். மரபணு வேறுபாட்டைச் சேமிக்கும் வேலை என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. ஆனால் கண்ணாடித் தட்டில் வாழும் இழை காட்டில் எந்த வேலையும் செய்வதில்லை. மருந்து கிடைக்கும் என்பதையே காப்பதற்கான முதல் காரணமாக முன்வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மருந்து கிடைக்காத பூஞ்சைகள்தான் மிகுதி. அவற்றை என்ன செய்வது?

இனி, காக்கும் முயற்சிகள். முதலில் வருவது சட்டம். போலந்தில் அகாரிகானைப் பறிப்பது குற்றம். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் முதிய ஓக் மரங்களில் மட்டுமே வாழும் ஓக் பாலிபோரும், சிங்கப்பிடரிக் காளானும் இடம்பெற்றிருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1995-இல் நோபுல் பாலிபோர் என்ற பூஞ்சை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. இந்த நோபுல் பாலிபோரின் கதை தனியாகச் சொல்லத் தக்கது.

1943-இல் சாண்டோஸ் என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரர்கள் ஓரிகன் காட்டில் ஒரு ராட்சதக் காளானைக் கண்டெடுத்தார்கள். இந்த இனத்தின் காளான் நூறு கிலோவுக்கும் மேல் எடை ஏறக்கூடியது. மேல்புறம் கம்பளிபோல மயிர் அடர்ந்து, பாசியும் புல்பூண்டும் முளைத்துப் பச்சையாக இருக்கும். பக்கத்தில் போகாமல் பார்த்தால் காட்டுத்தரையின் ஒரு துண்டு என்றே தோன்றும். பூஞ்சையியலாளர் வில்லியம் பிரிட்ஜ் குக் 1949-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பிறகு 1996-இல் அவர் பெயராலேயே பிரிட்ஜியோபோரஸ் என்ற தனிப் பேரினமாக்கினார்கள். நோபுல் ஃபிர், பசிபிக் வெள்ளி ஃபிர் போன்ற பெரிய மரங்களின் அடியிலும் பெரிய அடிக்கட்டைகளிலும்தான் அது தென்பட்டது. அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில். 1994-இல் வந்த வடமேற்கு வனத் திட்டம், கூட்டாட்சி அரசின் காடுகளில் மரம் வெட்டும் முன் இப்படிப்பட்ட அரிய இனங்கள் உள்ளனவா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று விதித்தது. கண்ணில் படாத ஓர் உயிரைக் காக்க, முதலில் தேடு என்று அரசாங்கமே உத்தரவிட்டது பெரிய மாற்றம்.

பின்னர் ஆய்வாளர்கள் காளான் இல்லாத மரங்களின் கட்டையைத் துளைத்தெடுத்து டி.என்.ஏ. சோதனை செய்தபோது, அவற்றிலும் நோபுல் பாலிபோரின் இழை இருப்பது தெரிந்தது. பூஞ்சை மரத்துக்குள் இருக்கிறது, காளான் மட்டும் விடவில்லை. இதைச் சிலர் 'அப்படியானால் அது அரிதே இல்லை, கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம்' என்று படிக்கக்கூடும். அது அவசர முடிவு. இழை இருந்தும் காளான் விடவில்லை என்றால் வித்து இல்லை, வித்து இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்குப் போக வழியில்லை. மரம் போதிய பருமன் அடைவதற்குள் வெட்டப்பட்டால், உள்ளே இருக்கும் இழை சந்ததி இல்லாமலே முடிந்துபோகும். சோதனை காட்டுவது இதுதான்: காக்க வேண்டிய மரங்களின் எண்ணிக்கை நாம் நினைத்ததைவிட அதிகம்.

பறிக்கத் தடை விதிக்கும் சட்டங்களின் குறை எளிதில் புரியும். காளானைத் தொட்டால் தண்டனை, மரத்தை வெட்டினால் கேள்வி இல்லை என்றால் அந்தச் சட்டம் யாரைக் காக்கிறது? வாழிடத்தோடு சேர்ந்த சட்டம் மட்டுமே உதவும். இதை மிகத் தெளிவாகக் காட்டியவை பின்லாந்தும் ஸ்வீடனும்.

அந்த இரு நாடுகளிலும் நிலத்தின் பெரும்பகுதி காடு. மரத்தொழில் அங்கே பொருளாதாரத்தின் தூண். பின்லாந்தில் காட்டுயிர் இனங்களில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு, அதாவது 4,000 முதல் 5,000 இனங்கள், பட்டமரத்தை நம்பி வாழ்பவை என்று ஆய்வாளர் யூஹா சீட்டோனன் 2001-இல் கணக்கிட்டார். வெட்டுப்படாத இயற்கைக் காட்டில் ஹெக்டேருக்கு 60 முதல் 120 கனமீட்டர் வரை பட்டுப்போன மரம் நிற்கும் அல்லது கிடக்கும். மரத்தொழிலுக்கென நிர்வகிக்கப்படும் காட்டில் அது பெரும்பாலும் 10 கனமீட்டரைத் தாண்டாது. காட்டின் பரப்பு குறையவில்லை, மரங்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. பட்டமரம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. வான்படத்தில் இந்த இழப்பு தெரியவே தெரியாது.

பட்டமரம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடவும் கூடாது. ஒரு தடித்த ஸ்ப்ரூஸ் மரம் விழுந்தால் அது முழுதாக மட்க ஐம்பது முதல் நூறு ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுக்கப் பூஞ்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் வந்தது கட்டையை எப்படி மாற்றிவைக்கிறதோ அதைப் பொறுத்து அடுத்தது வரும். பிக்னோபொரெல்லஸ் ஃபுல்ஜென்ஸ் என்ற ஆரஞ்சு நிறப் பூஞ்சை, சிவப்பு வளையப் பூஞ்சையான ஃபோமிடோப்சிஸ் பினிகோலா வேலை செய்து முடித்த கட்டையில்தான் வருகிறது. ஃப்ளீபியா சென்ட்ரிஃபியூகா என்ற அரிய இனத்துக்கு ஈரம் குன்றாத முதுகாட்டின் நிழலில் கிடக்கும் பருத்த ஸ்ப்ரூஸ் அடிமரம் தேவை. வெயிலில் நிற்கும் குட்டை அடிக்கட்டை அதற்கு ஆகாது.

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்த சில ஏற்பாடுகள் அரைப்பயன் தந்தன. மரம் வெட்டும்போது சில மரங்களை ஆளுயரத்துக்கும் மேலே வெட்டி நெட்டைக் கட்டைகளாக விடும் வழக்கம் ஸ்வீடனில் பரவியது. காட்டு நிர்வாகத்துக்கான சான்றிதழ் விதிகளும் அதை ஊக்குவித்தன. வண்டினங்களுக்கு அது பெரிதும் உதவியது. சிவப்புப் பட்டியலில் உள்ள பூஞ்சைகளில் பல அங்கே வரவில்லை. அவற்றின் வித்துகள் காற்றில் போவதால் எங்கும் போய்ச்சேரும் என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. கோடிக்கணக்கில் வித்து உதிர்ந்தாலும் பெரும்பங்கு தாய்க் காளானுக்கு அருகிலேயே விழுகிறது. தொலைவுக்குப் போகும் சொற்ப வித்துகளில், சரியான இனத்து மரத்தில், சரியான பதத்தில், சரியான ஈரத்தில் விழுபவை எத்தனை? காடுகள் துண்டு துண்டான தெற்கு ஸ்வீடனில் அரிய இனங்களின் வித்து வந்து விழும் அளவே குறைவு என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். பட்டமரத்தை மீண்டும் உண்டாக்கினாலும் வந்து குடியேற ஆள் இல்லாத நிலை அது.

அதனால் பிறந்தது குடியேற்ற முயற்சி. நெரேயா அப்ரெகோ, ரெய்யோ பென்டிலா, ஓட்சோ ஓவஸ்காய்னென் முதலியோர் பின்லாந்தில் ஏழு அருகிய இனங்களின் இழையைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து, காட்டில் விழுந்துகிடந்த மரங்களில் துளையிட்டுச் செலுத்தினார்கள். சில இனங்கள் கட்டையில் நிலைத்தன, காளானும் விட்டன. 2016-இல் அந்த முடிவுகள் வெளியாயின. இது நம்பிக்கை தரும் செய்தி. எச்சரிக்கையும் அதோடு ஒட்டியே வருகிறது. எந்த ஊர் இழையை எந்த ஊருக்குக் கொண்டுபோவது, அங்கே முன்பே உள்ளவற்றை அது விரட்டிவிடாதா என்பதையெல்லாம் பார்க்காமல் இதைச் செய்யக்கூடாது என்று ஆய்வாளர்களே நெறிமுறை வகுத்திருக்கிறார்கள்.

அந்த எச்சரிக்கைக்கு நியாயம் உண்டு என்பதைத் தங்கச் சிப்பிக் காளான் காட்டிவிட்டது. நம் ஊரில் குடிசைத் தொழிலாக வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளானின் உறவு அது, கிழக்காசியாவைச் சேர்ந்தது. அமெரிக்காவில் வளர்ப்புக்குக் கொண்டுவரப்பட்டது காட்டுக்குள் தப்பி, பல மாநிலங்களில் பரவிவிட்டது. விஸ்கான்சின் காடுகளில் பட்டுப்போன எல்ம் மரங்களை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வு, தங்கச் சிப்பிக் காளான் குடியேறிய மரங்களில் மற்றப் பூஞ்சை இனங்கள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டது. பட்டமரத்துக்கும் அயல் ஆக்கிரமிப்பு உண்டு. சீமைக்கருவேலத்தோடு போராடும் நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

குடியேற்றத்தைவிடப் பெரிய பாடம் ஜெர்மனியின் பவேரியக் காட்டில் இருக்கிறது. 1970-இல் தொடங்கிய அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. 1983 ஆகஸ்டில் வீசிய புயல் ஆயிரக்கணக்கான ஸ்ப்ரூஸ் மரங்களைச் சாய்த்தது. வழக்கமாக உடனே அப்புறப்படுத்துவார்கள். அன்றைய மாநில அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான், விழுந்தவை அப்படியே கிடக்கட்டும் என்று முடிவெடுத்தார். அடுத்து வந்தது பட்டை வண்டு. 1990-களில் பல ஆயிரம் ஹெக்டேர் ஸ்ப்ரூஸ் காடு சாம்பல் நிறமாகக் காய்ந்து நின்றது. சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய காடு கண்முன் செத்துக்கொண்டிருந்தது. பூங்காவின் விளிம்பில், தனியார் காடுகளை ஒட்டிய பகுதியில் வண்டைக் கட்டுப்படுத்தினார்கள். உட்பகுதியில் கை வைக்கவில்லை. காய்ந்த மரங்களுக்கு இடையே கன்றுகள் தாமாக எழுந்தன. ஆன்ட்ரோடியெல்லா சிட்ரினெல்லா என்ற மஞ்சள் நிற அரிய பூஞ்சை அங்கே மறுவாழ்வு பெற்றதை ஆய்வாளர்கள் கிளாஸ் பேஸ்லரும் யோர்க் முல்லரும் 2010-இல் பதிவு செய்தார்கள். அதுவும் ஃபோமிடோப்சிஸ் பினிகோலாவின் பின்னே வரும் இனம். முன்னோடிக்குத் தீனி பெருகியது, பின்னே வருவதும் பெருகியது. யாரும் இழையை ஊன்றவில்லை, வேலி போடவில்லை. மரத்தை எடுக்காமல் விட்டார்கள், அவ்வளவே. நான் படித்தவற்றில் இதைவிட வலுவான சான்று வேறில்லை.

பட்டமரம் மட்கும்போது கரிவளி வெளியேறுகிறதே, அதை எரிபொருளாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானதே. உலகக் காடுகளில் உள்ள கரியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பட்டமரத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,090 கோடி டன் கரி வெளியேறுகிறது என்று 2021-இல் வெளியான உலகளாவிய ஆய்வு கணித்தது. அதில் 93 விழுக்காடு வெப்பமண்டலக் காடுகளின் பங்கு. ஆனால் வெளியேறும் கரி முழுவதும் உடனே காற்றுக்குப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி மண்ணுக்கும் உயிர்களின் உடலுக்கும் போகிறது. குளிர்நாட்டில் ஓர் அடிமரம் நூறாண்டில் மெல்ல விடும் கரியை அடுப்பு ஒரு நாளில் விட்டுவிடும். அதோடு, 93 விழுக்காடு நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் நடக்கிறது என்றால், அந்த வேலையைச் செய்யும் பூஞ்சைகளை அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்களும் நாம்தான். நடந்திருப்பது தலைகீழ். நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளிலிருந்து வந்தவை.

2025 மார்ச்சில் சிவப்புப் பட்டியலில் மதிப்பிடப்பட்ட பூஞ்சை இனங்கள் 1,300-ஐ எட்டின. அவற்றில் குறைந்தது 411 ஆபத்தில் உள்ளவை. பெயரிடப்பட்ட பூஞ்சைகளோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சிலி நாடு தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளைச் சேர்த்துக்கொண்டதில், ஃபங்கி ஃபவுண்டேஷன் அமைப்பை நிறுவிய ஜூலியானா ஃபுர்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் விலங்குகள் உண்டு, தாவரங்கள் உண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகும் பூஞ்சை ஒன்றுகூட இல்லை.

இருந்தாலும் நம்மிடம் ஒரு வலுவான கருவி இருக்கிறது. அதுவும் நீலகிரியிலிருந்து வந்தது. கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நாட்டின் வன நிர்வாகத்தையே மாற்றிய வழக்கு அது. அதில் 2000 பிப்ரவரி 14 அன்று பிறப்பித்த உத்தரவில், தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் பட்ட, நோயுற்ற, சாகும் நிலையிலுள்ள, காற்றில் விழுந்த மரங்களை அகற்றக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. 'பட்டமரம் எடுக்கிறோம்' என்ற சாக்கில் நடந்த மரக்கடத்தலை நிறுத்துவதில் அந்தத் தடைக்குப் பெரும் பயன் உண்டு. பூஞ்சை என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் பவேரியாவில் அமைச்சர் எடுத்த அதே முடிவை, நாடு முழுவதற்கும் நம் நீதிமன்றம் எடுத்திருக்கிறது. அதன் பலன் என்ன என்று சரணாலயங்களுக்குள் போய்ப் பூஞ்சைகளைப் பதிவு செய்வதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

காட்டோரத்துப் பெண்கள் சுமந்துவரும் சுள்ளி விறகை இந்தக் கணக்கில் சேர்த்து அவர்கள்மேல் பழி போடுவது தவறு. இங்கே பேசுவது இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்களைப் பற்றி. அவற்றைத் தலைச்சுமையாக யாரும் கொண்டுபோவதில்லை. லாரியும் ரம்பமும் உள்ளவர்கள்தான் எடுக்கிறார்கள். சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஒதுக்கக் காடுகளிலும், கல்லூரி வளாகங்களிலும், கோயில் காடுகளிலும் புயலில் பெருமரம் சாய்ந்தால் பாதையை மறிக்கும் பகுதியை மட்டும் வெட்டி ஒதுக்கிவிட்டு மீதியை அங்கேயே விடலாம். ஏலம் விடும் அதிகாரி, வளாகத்தைப் பராமரிப்பவர், கோயில் காட்டைக் காக்கும் ஊரார் ஆகிய மூவரிடமும் கேட்பது இதுதான்: அடுத்த முறை ஒரு பெருமரம் விழுந்தால், அதன் அடிமரத்தையாவது விட்டுவையுங்கள்.